முதலாளி நாற்காலியில் யார் உட்காருவது?

வியூ ஃபோர்ட்,
ஞாயிறு, பூசை முடிந்த பின்.

புரூக்ளினில் வசிக்கும் பெருமதிப்புக்குரிய அக்கா குளோதில் அவர்களுக்கு,

தங்கை அல்தியா பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கடையும் ரொட்டி அடுப்பும் நலம். அங்கே நீயும் அத்தானும் உன் வலது முழங்காலும் நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய பீப்பாய் ஒழுங்காக வந்து சேர்ந்தது. சோப்பு, அரிசி, அத்தானின் பழைய சட்டைகள், அடியில் நீ மறைத்து வைத்திருந்த கட்சிப் பனியன்கள் எல்லாம் பத்திரம்.

விஷயம் இதுதான். நம் தம்பி செவெரின் வெள்ளிக்கிழமை காலை தன் கட்சி அலுவலக வாசலில், தன் கட்சிக்கு எதிராக, தன் கட்சி ஊழியர்களோடு சேர்ந்து மறியல் செய்தான். வேட்புமனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். வேட்பாளரும் அவன்தான்.

தொலைபேசியில் சொன்னால் நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும். அதனால்தான் கடிதம். அங்கே நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

கட்சி ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும். இரண்டு பெரிய கட்சிகளும் கப்பலுக்கு வாழைத்தார் ஏற்றினவன் தோளில் ஏறித்தான் மந்திரி நாற்காலிக்குப் போனார்கள், உட்கார்ந்ததும் தோளை மறந்துவிட்டார்கள் என்று செவெரின் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். துறைமுகச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்துகொண்டே சொன்னான். சங்கத் தலைமை ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்து, சங்கமா தேர்தலா ஒன்றைத் தேர்ந்தெடு என்றதும், பதவியை உதறிவிட்டு வந்து என் கடை மாடியில் உழைப்பாளர் உரிமைக் கட்சியைத் தொடங்கினான். துறைமுகத்தில் இனி அவனைச் சேர்க்க மாட்டார்கள். ஐம்பது தாண்டியவனுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? இந்தத் தேர்தல் ஒன்றுதான் அவன் கையில் இருப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

மாடியைக் கொடுத்தது நான், கொடுக்கச் சொன்னது நீ. "சும்மாதானே கெடக்குது, புறா கூடு கட்டுற எடத்துல தம்பி கட்சி கட்டட்டுமே" என்றாய். புறா எவ்வளவோ மேல், அக்கா. நான் வெள்ளிக்கிழமை இரவுகளில் தெருவில் மீன் வறுத்து விற்றவள், அந்த வாணலியிலிருந்து ஒரு மாடிக் கட்டடத்தை எழுப்பினவள், எனக்கு அரசியல் என்றால் மாவு விலை, அவ்வளவுதான். இருந்தாலும் கூடப் பிறந்தவன் என்று சாவியைக் கொடுத்தேன்.

அவன் செய்த முதல் காரியம், கட்சி ஊழியர்களுக்கு ஒரு வேலை ஒப்பந்தம் எழுதினான். ஊழியர்கள் என்றால் பெரிய பட்டாளம் இல்லை. அலுவலகம் பார்க்கிற மெர்லீன், ஒலிபெருக்கி வண்டி ஓட்டுகிற பாசில், சுவரொட்டி ஒட்ட நாலு பேர். காலையில் தேநீர் நேரம், மதியம் ஒரு மணி நேரம் முழு ஓய்வு, சனிக்கிழமை அரை நாள். தீவிலேயே இப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது என்று அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். தேர்தல் தேதி அறிவித்தார்கள். கூட்டங்கள் எல்லாம் இருட்டின பிறகுதான் நடக்கும், உனக்குத் தெரியுமே. மெர்லீன் போய், இரவுக் கூட்டம் என்றால் சாப்பாடு வேண்டும், பெண்களை வீடு வரை கொண்டுவிட வண்டி வேண்டும் என்று கேட்டாள். இவன் வாழ்நாளில் முதல் தடவையாக மேசைக்கு முதலாளிப் பக்கம் மாட்டிக்கொண்டு, "பாக்கலாம் தோழர்" என்று சொல்லிவிட்டான்.

"பாக்கலாம்னா இல்லன்னு அர்த்தம்னு நீங்கதானே தோழரே வகுப்பெடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு மெர்லீன் வேலைநிறுத்த அறிவிப்பு எழுதிக் கொண்டுவந்தாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? அதை வாங்கிப் படித்துவிட்டு, வாசகம் பலவீனமாக இருக்கிறது என்று திருத்திக் கொடுத்தான். அவர்கள் கேட்க மறந்திருந்த இரண்டு கோரிக்கைகளை அவனே சேர்த்தான், மழைக்கு ரப்பர் பூட்ஸும், பாசில் தொண்டைக்கு இஞ்சி மிட்டாயும். என் காதால் கேட்டேன். என் மாடிக்குப் பலகைத் தளம், மேலே தும்மினால் கீழே ரொட்டி அடுக்குகிறவள் "கடவுள் காக்கட்டும்" என்பாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் ஈடு ரொட்டியை எடுத்துக்கொண்டிருக்கிறேன், மாடிப்படி வாசலில் ஒரே கோஷம். ஆளுக்கொரு அட்டை. பழைய துறைமுக மறியலில் மிச்சமான அட்டைகள்தான், "துறைமுக நிர்வாகமே" என்ற இடத்தில் மட்டும் "கட்சியே" என்று காகிதம் ஒட்டியிருந்தார்கள். செவெரின் சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்பு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான், அதைப் பார்த்தான், அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன்டா நிக்கிற? கையெழுத்து போட வேண்டிய ஆளுங்களக் கூட்டிட்டுக் கெளம்பு" என்றேன். வேட்புமனுவுக்குத் தொகுதி வாக்காளர் ஆறு பேர் நேரில் வந்து முன்மொழிய வேண்டும். இவன் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆறு பேரும் அட்டை பிடித்து நின்ற அதே ஆறு பேர்தான்.

"மறியல் நடக்குதுக்கா."

"தெரியுது. உனக்கு எதிராத்தான் நடக்குது. தாண்டி மேல போய் மனுவ எடு."

"யாருக்கு எதிரா நடந்தா என்ன? இந்தக் காலு இதுவரைக்கும் ஒரு மறியலையும் தாண்டினது இல்ல."

"மாடிப்படி என்னோடது. நான் சொல்றேன், தாண்டு."

"பாத்தியா, உடனே மொதலாளி பேச்சு!"

மெர்லீன் குறுக்கே வந்து, "தோழரே, வெயில்ல சும்மா நிக்காதீங்க, இதப் புடிங்க" என்று ஓர் அட்டையை நீட்டினாள். பிடித்தான். பிடித்ததோடு விட்டானா, கோஷத்தில் உயிரே இல்லை என்று சொல்லிக்கொடுத்து, கொஞ்ச நேரத்தில் அவனே முன்னால் நின்று, "கட்சித் தலைமையே, பதில் சொல்!" என்று கத்த ஆரம்பித்தான்.

"தலைமை யாருடா?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"அப்ப பதில் சொல்லித் தொலையேன்!"

"மறியல்ல நின்னுக்கிட்டு எப்படிக்கா சொல்றது?"

தெருவே கூடிவிட்டது. ஆளுங்கட்சியின் பாட்டு வண்டி வேண்டுமென்றே மெதுவாகப் போனது. அதன் மேலிருந்த ஒருத்தன், "செவெரினு, உன் ஓட்டாவது உனக்கு விழுமா?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டான். மறைக்க மாட்டேன், அன்று ரொட்டி நன்றாக விற்றது. ஆனால் தம்பியைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது கல்லாப்பெட்டி நிறைவது நெஞ்சுக்குள் இறங்கவில்லை. சரி, கையெழுத்துக்கு ஆள்தானே, என் அடுப்பில் வேலை செய்கிற பெண்களே ஆறு பேர் இருக்கிறார்களே, மனுவையும் நானே படியேறி எடுத்துவிடலாம், என் காலுக்கு அப்படியொரு விரதமும் இல்லை என்று, "அடியே, ஏப்ரனக் கழட்டுங்க, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்திடலாம்" என்றேன். ஒருத்திகூட அசையவில்லை. மூத்தவள் ஓதில் கையைத் துடைத்துக்கொண்டே, "மிஸ் அல்தியா, கோவிச்சுக்காதீங்க. மறியல் முடியட்டும், அப்புறம் போடறோம். கருங்காலின்னு பேரு வாங்கிட்டு நாளைக்கு எப்படிச் சந்தைக்குப் போறது?" என்றாள். இதையெல்லாம் யாரடி சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். ஆறு பேரும் ஒரே நேரத்தில் மேலே மாடிப் பலகையைப் பார்த்தார்கள்.

மத்தியானம் செவெரின் தண்ணீர் குடிக்கக் கடைக்குள் வந்தான். தொண்டை கட்டிவிட்டது. "நாலு மணியோட முடிஞ்சிடும்க்கா" என்றான்.

"தாண்டேன்டா. அஞ்சே நிமிஷம். யாரு ஞாபகம் வச்சுக்கப் போறா?"

"நான் வச்சுக்குவேனே. இதத் தாண்டிப் போய் நாடாளுமன்றத்துல உக்காந்துக்கிட்டு, அப்புறம் யாருக்காகப் பேசறது?"

வியாபாரத்தில் எவ்வளவோ பேரைப் பார்த்திருக்கிறேன், எல்லாருக்கும் ஒரு விலை உண்டு. இவனுக்கு என்ன விலை என்று அந்த நேரத்தில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரொட்டியைப் பிளந்து மீனை வைத்துக் கையில் கொடுத்தேன். அவன் தின்று முடிப்பதற்குள் மாவு பிசையும் மேசையை நடைபாதைக்கு இழுத்துப் போட்டு, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, "உக்காருங்க எல்லாரும். பேசித் தீக்காம யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்றேன்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள், ஒரே பக்கத்தில். ஆறு பேரும், நடுவில் செவெரினும். எதிர்ப் பெஞ்சு காலி.

"டேய், நீ இந்தப் பக்கம் வா. நீதான் எஜமானன்."

வந்தான், உட்கார்ந்தான், தொண்டையைச் செருமினான், மேசையைப் பார்த்தான், கோட்டைச் சரிசெய்தான். எழுந்து மறுபடி அந்தப் பக்கமே போய்விட்டான். "முடியலக்கா. அங்க உக்காந்தா நாக்கு ஒட்டிக்குது." இருபது வருடம் ஒரே பக்கம் உட்கார்ந்த உடம்பு, அது என்ன செய்யும்? மணி ஓடுகிறது. சரிதான் போ என்று அந்தக் காலிப் பெஞ்சில் நானே உட்கார்ந்தேன். உடனே எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு. ஊரில் என்னைப் பார்த்தால் முதலாளி மாதிரி இருக்கிறது போலிருக்கிறது.

"சூடான சாப்பாடு, ராத்திரி கூட்டம் ஒவ்வொண்ணுக்கும்" என்றாள் மெர்லீன்.

"ரொட்டியும் மீனும். அதுக்கு மேல அடுப்புல வாணலி ஏறாது."

"கோகோ டீ இல்லாம ரொட்டி எப்படி மிஸ் எறங்கும்?"

செவெரின் அவள் காதில் குசுகுசுவென்று, ஆனால் எனக்குக் கேட்கும்படி, "விட்டுடாத. அவ மொத ரெண்டு தடவை இல்லன்னுதான் சொல்லுவா" என்றான்.

"டேய் மடையா, நான் ஒனக்காகடா பேரம் பேசறேன்!"

"பேரம்னா பேரம்தான்க்கா. எங்க பக்கம் எங்க பக்கம்."

கோகோ டீ கொடுத்தேன். பெண்களைக் கொண்டுவிட என் ரொட்டி வண்டியைக் கொடுத்தேன். பூட்ஸ் கொடுக்கவில்லை, பழைய மாவுச் சாக்கு கொடுத்தேன், தலைக்குப் போட்டுக்கொள்ள. இஞ்சி மிட்டாயில் மட்டும் பாசில் மலை மாதிரி நின்றான், விட்டுக்கொடுத்தேன். கையெழுத்தாகும்போது மூன்று மணிக்கு மேல். செவெரின் மாடிக்கு ஓடி மனுவை எடுத்து வந்தான். என்னோடு சேர்த்து ஏழு பேரை ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் அடைத்து, பாசில் அந்த வண்டியை ஓட்டின ஓட்டத்தில், தேர்தல் அலுவலகத்தில் இறங்கும்போது வேட்பாளரின் கறுப்பு கோட்டு மாவு படிந்து வெள்ளைக் கோட்டாகியிருந்தது. கதவு சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மனு ஏற்கப்பட்டது. இவன் நன்றி சொல்லிவிட்டு வருவானா? அந்த அதிகாரி அம்மாளிடம், "உங்களுக்கு மத்தியானம் முழுசா ஒரு மணி நேரம் குடுத்தாங்களா?" என்று கேட்டான். அந்த அம்மாள் யோசிக்க ஆரம்பித்தாள். நான் கோட்டுக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

ஆகவே அக்கா, நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், இதிலிருந்து மாற மாட்டேன். இந்த மாத முடிவோடு மாடியைக் காலி செய்யச் சொல்லப் போகிறேன். கட்சிக்கும் எனக்கும் இனி ஓர் உறவும் கிடையாது. என் வாழ்க்கையில் இனி எவன் மேசையிலும் எவனுக்காகவும் உட்கார மாட்டேன். நீயும் தயவுசெய்து பீப்பாயில் ஒரு பனியன்கூட வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை அவன் பச்சை வாழைக்காயும் உப்பு மீனும் சாப்பிட வரலாம், தம்பியாக வரட்டும், தலைவராக வேண்டாம். இதை நீ தொலைபேசியில் அழுது மாற்றப் பார்க்காதே.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தமும், பனியில் காதை மூடிக்கொள்ளச் சொன்னேன் என்பதும் தெரியட்டும். மாதா உன் முழங்காலைப் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கேட்டு மாடியைக் கொடுத்த தங்கை,
அல்தியா

பி.கு.: திங்கட்கிழமை. உறையை ஒட்டுவதற்குள் மெர்லீனும் செவெரினும் வந்துவிட்டார்கள். கட்சியில் எதிர்ப் பக்கம் உட்கார ஆளே இல்லை, எல்லாருமே கேட்கிறவர்களாக இருந்தால் கட்சி எப்படி நிற்கும், ஆகவே பொதுச் செயலாளராக என்னைப் போடுவதென்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்களாம். முடியாது என்றேன். "எனக்கு எதிர்ல உக்காந்து முகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல இந்த ஊர்ல வேற யாருக்குக்கா தைரியம் இருக்கு?" என்றான் பாவி. மேலே எழுதியதைப் படித்துவிட்டு நீ மறந்துவிடு. பனியன் இன்னும் வேண்டும், பெரிய அளவாக. கீழே இருப்பதுதான் முடிவான பேச்சு: மாடிக்கு வாடகை இல்லை, எனக்குச் சம்பளம் இல்லை. கூட்டச் சாப்பாடு முழுவதும் என் கடையிலேயே, ரொக்கத்துக்கு. என் அடுப்புப் பெண்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்காகப் பேச செவெரின் வரலாம், அடுப்பு எரியும் நேரத்தில் மட்டும் வரக்கூடாது. ஒப்பந்தக் காலம் ஐந்து வருடம், அவன் ஜெயித்தாலும் தோற்றாலும்.