கல்யாணமாகாத மாமியார்

கல்யாணமே ஆகாமல் ஊர் பூராவும் மருமகள்களை வைத்திருக்கிறவள் எங்கள் காரைக்குடியில் ஒருத்திதான். அவளுக்குப் பெயரே மாமியார். பஸ் கண்டக்டர், "மாமியாரே, படியப் பாத்து எறங்குங்க" என்பார். நாடக மேடையில் கொடுமைக்கார மாமியாராக வந்து சனங்களைச் சிரிக்க வைத்தே வாங்கிய பட்டம் அது.

நான் அவளுக்குச் சேலை கட்டிவிட்டவள். இடுப்பில் தலையணையை வைத்து, அவள் குதித்தாலும் உருண்டாலும் அசையாதபடி சுற்றிக் கட்டுவேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் கட்டு அவிழ்ந்தது என்று ஒரு ஆள் சொல்லட்டும், பார்ப்போம்.

மேடைக்கு வந்ததும் அவள் பேசமாட்டாள். நேரே ஆர்மோனியப் பெட்டியிடம் போய் அதன்மேல் விரலை வைத்து இழுப்பாள். விரலைப் பார்ப்பாள். பிறகு ஆர்மோனியக்காரரைப் பார்ப்பாள். "ஏன்யா, எம் மருமக இன்னைக்கும் தொடைக்கலையா?" கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அவள் முகம் மட்டும் போலீஸ்காரர் முகம் மாதிரி அப்படியே இருக்கும். மேடையிலும் சரி, வீட்டிலும் சரி, அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் ஏனென்று கேட்டேன்.

"சிரிப்ப விக்கிறவ அதை வீட்ல வச்சுத் தின்னா யாவாரம் என்னடி ஆகும்?" என்றாள்.

கல்யாண வீடுகளில் அவளை அழைத்து வந்து புதுப்பெண்ணைத் திட்டச் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்கு விதித்த திட்டெல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிடுமாம். இவளும் பந்தியில் உட்கார்ந்து, "இம்புட்டு மெதுவாச் சாப்பிட்டா எப்பத்தா பாத்திரம் வெளக்குவே?" என்று ஆரம்பிப்பாள். பெண்ணைப் பெற்றவர்களே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார்கள்.

முழங்கால் மடங்கமாட்டேன் என்ற பிறகு, மற்ற நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். அவளிடம் கற்க வந்தவர்களைத் திருப்பத்தூர்ச் சந்தைக்கு அனுப்பிவிடுவாள். தக்காளிக்காரரோடு சண்டை போட வேண்டும், அவர் சிரித்துவிட வேண்டும், அதுதான் பரீட்சை. தேவகோட்டைக்காரர் ஒருவர் அடி வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "அடிக்கிற அளவுக்கு நம்பியிருக்கான்ல? பாதி தேறிட்டீக" என்று மோர் கொடுத்தாள்.

அப்படி இருக்கையில்தான் மல்லிகா வந்தாள். பல வருஷம் கதாநாயகி வேஷம் கட்டியவள். அவள் அழுதால் பெட்டிக்கடைக்காரர்கூடக் கடையை விட்டு வந்து அழுவார். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, இனிப் பாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பாடாத கதாநாயகிய எந்த ஊர்லத்தா கூப்பிடுவாக? கோவிலூர்ப் பக்கம் ஒரு திருவிழா நாடகம் இருக்கு. அதுல காமெடி பண்ணிச் சிரிக்க வச்சுக் காட்டு. இல்லேன்னா என்னையத் தேடி வராதே" என்று நாடக ஏஜெண்ட் கையை விரித்துவிட்டார். அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

மாமியார் யாருக்கும் கொடுக்காத தன் வேஷத்தையே அவளுக்குக் கொடுத்தாள்.

ஆனால் மல்லிகாவுக்கு எதைச் சொன்னாலும் ஒப்பாரியாகத்தான் வந்தது. "பால் பொங்கிருச்சு, சொல்லு" என்றால், குரல் கம்மி, முந்தானை கண்ணுக்குப் போய்விடும்.

"யாருத்தா செத்தது?"

"பழக்கம் விடமாட்டேங்குதுக்கா."

"சேலைக்காரி, அந்த முந்தானைய அவ கைக்கு எட்டாமக் கட்டு" என்று மாமியார் என்னிடம் சொன்னாள். திருவிழா அன்றைக்கு அப்படியே இறுக்கிச் செருகினேன்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் நாடகம் தொடங்கியது. மாமியார் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். மல்லிகா வந்தாள், ஆர்மோனியத்தைத் தடவினாள், விரலைப் பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த விரலை அவர்கள் மாமியாரிடம் எத்தனையோ தரம் பார்த்தாயிற்று. ஓரத்தில் ஏஜெண்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மல்லிகாவுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கை முந்தானையைத் தேடியது. கிடைக்காததால் வெடுக்கென்று இழுத்தாள். தலையணை நழுவித் தொப்பென்று கீழே விழுந்தது.

கட்டு அவிழவில்லை. அவள் இழுத்ததால் தலையணை நழுவியது. இரண்டும் வேறு.

மாமியார் நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்: "ஏத்தா, இடுப்பு கழண்டு கெடக்கு பாரு."

மல்லிகா தலையணையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதே பழைய கதாநாயகிக் குரலில், "மருமக போடுற சோத்துக்கு இது இம்புட்டு நாள் நின்னதே பெருசுத்தா" என்று விம்மினாள்.

பந்தல் அதிர்ந்தது. அவ்வளவுதான், மல்லிகாவுக்கு வழி கிடைத்துவிட்டது. "பாலப் பொங்க விட்டுட்டாளே பாவி" என்று தலையணையை மடியில் போட்டு மாரடித்தாள். இத்தனை நாள் நாங்கள் நிறுத்தப் பார்த்த அழுகையை வைத்தே மருமகளைத் திட்டித் தீர்த்தாள். ஏஜெண்ட் கட்டிய கையை அவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் திரும்பினேன். மாமியாரின் தோள் குலுங்கியது. வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"யாவாரம் என்னடி ஆகும்?" என்றேன்.

"கடையத்தான் அவகிட்டக் குடுத்தாச்சே."

இப்போது மல்லிகாவுக்கு ஊர் ஊராக நாடகம். அவளை அழுகை மாமியார் என்கிறார்கள். இவள் பெரிய மாமியாராகிவிட்டாள். இவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். அதை இங்கே சொல்லப்போவதில்லை. அது எனக்கு வேண்டும்.