ஹில்டெபிராண்ட் என்றால் போர்வாள்

“அப்பா, தம்பி யாரை வெட்டப் போறான்?”

ஏழு வயது வீப்கே, பள்ளியிலிருந்து கொண்டுவந்த பெயர் அகராதியை விரித்துக் காட்டினாள். ஹில்டெபிராண்ட்: போர், வாள்.

லுட்கர் மனைவியைப் பார்த்தான். அடிபட்ட குருவிக்குக்கூட ஜெபம் செய்கிற இம்கே, தொட்டிலைப் பார்த்தாள்.

“என் பிள்ளைக்கு வாள் வேண்டாம்.”

“முதல் பையனுக்கு ஞானத்தந்தை ஹில்டெபிராண்ட் பெரியப்பா பேருதானே வைக்கணும்? இல்லேன்னா அவரு மனசு உடைஞ்சிடும், இம்கே. அப்பா போனப்புறம் என்னை வளர்த்தவரு.”

“அவருக்குப் பிடிக்கிற மாதிரி வேற பழைய பேரு தேடலாம்.”

தேடினார்கள். குந்தர் என்றால் போர்ப்படை. கெர்ஹார்ட் ஈட்டியோடு நின்றான். ஃப்ரீட்ஹெல்மில் சமாதானம் இருந்தது. அதுவும் தலைக்கவசம் போட்டிருந்தது.

“உன் பேருலயும் ஈட்டி இருக்குப்பா,” என்றாள் வீப்கே.

“யோஹான்னே வைப்போம்,” என்றாள் இம்கே. “ஆண்டவர் கிருபையுள்ளவர்னு அர்த்தம். யாருக்கும் காயம் படாது.”

காயம் பெரியப்பாவுக்குப் படுமே. லுட்கர், சொல்லப்போகும் பொய்க்காக ஆண்டவரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தான்.

“பெரியப்பா, பதிவு அலுவலகத்துல உங்க பேரை ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. ஆயுதப் பேருக்கெல்லாம் இப்போ தடையாம்.”



“நிஜமாவா?”

“சட்டம், பெரியப்பா. நாம என்ன செய்ய?”

“எழுத்துல தருவாங்களா?”

“அந்த... அதிகாரி லீவுல இருக்காரு.”

“வேற யாராவது இருப்பாங்கடா. இப்பவே போறேன்.”

“மழை பெய்யுதே...”

அவர் வைத்துவிட்டார்.

“என்ன சொன்னாரு?” என்றாள் இம்கே.

“சண்டைக்குக் கிளம்பிட்டாரு. பேருக்கு ஏத்த மாதிரி.”

லுட்கர் மழையில் சைக்கிளை மிதித்தான். அலுவலகக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தேவாலயத்துக்குப் போடும் கோட்டில் பெரியப்பா உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நடுவே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு கிழவரை இப்படி அழவைத்துவிட்டோமே என்று நினைத்தான் லுட்கர். வெளியே வந்த எழுத்தர் அம்மாளை மறித்தான்.

“மன்னிச்சிடுங்க. அப்படி ஒரு தடையே கிடையாது, நான்தான் பொய் சொன்னேன். என் பையனுக்கு ஹில்டெபிராண்ட்னே எழுதிக்கங்க. வீட்டுல நான் பேசிக்கிறேன். அவரு மனசு குளிர்ந்தா போதும்.”

அந்த அம்மாள் கண்ணாடிக் கதவை மெல்லச் சாத்தினாள்.

“மெதுவா பேசுங்க. பேரை மாத்தத் தக்க காரணம் கிடைக்காம எழுபது வருஷம் தவிச்சாராம். அந்தத் தடையைக் காட்டி, தன் பேரை எடுத்துடுங்கன்னு இப்பதான் ஆனந்தக் கண்ணீரோட மனு எழுதிட்டிருக்காரு.”