பெண் பார்க்க வந்த நாலாவது ஆள்

நாய் வளர்க்க ஆசைப்படுகிறவனிடம் வீட்டில் நூறு கேள்வி கேட்பார்கள். யார் சோறு வைப்பது, யார் வெளியே கூட்டிப்போவது, ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது? ஓர் ஆளையே மனசுக்குள் வளர்க்கிறவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் முத்தியால்பேட்டை வரைக்கும் போயிருக்காது.

அப்போது எனக்கு எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் (மலையடிவாரத்தில் இருப்பது வேறு) ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. பாட்டில் மூடிகள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நாள் முழுக்க மூடி. பேச்சுத்துணைக்கும் மூடிதான். அந்த வெறுப்பில் செல்போனைத் துழாவிக்கொண்டிருந்தபோது 'துல்பா' என்ற சங்கதி கண்ணில் பட்டது. ஒருவரை விடாமல் கற்பனை செய்து, தினமும் அவரோடு பேசிக்கொண்டே இருந்தால், ஒருநாள் அவர் தானாகவே பதில் பேச ஆரம்பிப்பாராம். அவருக்கென்று தனி மனசும் கோபமும் வந்துவிடுமாம். உருவாக்கியவர்தான் கடைசிவரை பொறுப்பு என்று அடியில் நீளமாக எழுதியிருந்தது. (அடியில் இருப்பதை எல்லாம் யார் படிக்கிறார்கள்?)

நான் உருவாக்கியவர் பெயர் மிஷேல். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற பெரிய மனிதர் மாதிரி வெள்ளை முழுக்கைச் சட்டை, தேய்த்த பேன்ட். சில மாதங்கள் நான் மட்டும் பேசினேன். பிறகு ஒருநாள் வேலைக்கு நடுவில் அவர், "அந்த மூடியில விரிசல் இருக்கு" என்றார். எடுத்துப் பார்த்தேன், இருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது.

பெண் பார்க்கப் போகும் நாள் வந்தது. மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்கு மிஷேல் எதற்கு? காலையில் கடற்கரைக்குப் போனேன். "இந்தக் கருங்கல்லு மேல ஒக்காருங்க, தோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். "எப்போ வருவீங்க?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. நான் திரும்பவில்லை.

வீட்டில் வேறு பிரச்சினை காத்திருந்தது. கூட வருவதாக இருந்த மாமாவுக்குக் காய்ச்சல். அம்மா, அப்பா, நான் என்று மூன்றே பேர்.

"நல்ல காரியத்துக்கு மூணு பேரா போவக் கூடாதுடா" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இதற்கும் வழி உண்டு. ஒரு கூழாங்கல்லைக் கூட எடுத்துக்கொண்டால் அது நாலாவது ஆளாகிவிடும். அம்மா வாசலில் ஒன்றைப் பொறுக்கி என் சட்டைப்பையில் போட்டாள்.

"இத ஒரு ஆளா நெனச்சிக்க. நல்லா நெனச்சிக்கணும், இன்னா?"

யாரிடம் சொல்கிற வார்த்தை! மாதக்கணக்கில் அது ஒன்றையே பழகியவனிடம். (ஆட்டோவில் ஏறுவதற்குள் நினைத்தாகிவிட்டது. பழக்கதோஷம்.) உழவர்கரை தாண்டுவதற்குள் அப்பா, "தள்ளி ஒக்காருடா, எடமே இல்ல" என்று சிடுசிடுத்தார். நான் ஏற்கெனவே கம்பியை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

முத்தியால்பேட்டை வீட்டில் பெண்ணின் அம்மா தட்டில் நான்கு டம்ளர் காபி கொண்டுவந்தார். "இன்னொருத்தரு எங்க? வெள்ள சட்ட போட்டுக்கினு வாசல்ல நின்னாரே?"

"நாங்க மூணு பேருதாம்மா" என்றார் அப்பா.

பெண் பெயர் வாசுகி, நர்ஸ். வந்து வணக்கம் சொல்லிவிட்டு, என் பக்கத்திலிருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். "ஏங்க இவரு பேன்ட்டு முட்டி வரைக்கும் நனைஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

நாற்காலிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது.

நிலைமையைச் சமாளிக்க, எங்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லிப் பின்பக்கம் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பைத்தியம் என்று கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கோபம் வேறாக இருந்தது.

"கூப்ட்டு வச்சதே நீங்கதான். கல்யாணம்னதும் கடலோரமா உட்டுட்டு வந்துட்டீங்க. நாளைக்கு எனக்கும் அதே கதிதான? மொதல்ல அவருகிட்ட மன்னிப்பு கேளுங்க, எல்லாரு எதிர்லயும். அப்புறம் நான் பதில் சொல்றேன்."

அதற்குள் எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிருந்தது. கூடத்துக்கு வந்து, இரண்டு குடும்பமும் பார்க்க, காலி நாற்காலியின் முன்னால் கைகூப்பினேன்.

"மிஷேல், தப்பு என்னுதுதான். இனிமே உங்கள எங்கயும் உட்டுட்டுப் போவமாட்டேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா செருப்பைத் தேடினார். (போட்டுக்கொண்டு ஓடுவதற்கா, என்னை அடிப்பதற்கா என்று இன்றுவரை சொல்லவில்லை.) வாசுகியின் அம்மா டம்ளர்களை எடுக்க வந்தார். நாலாவது டம்ளரும் காலியாக இருந்தது. தான் ஒன்றுதான் குடித்ததாக அப்பா சத்தியம் செய்கிறார். அவர் சர்க்கரைக்காரர், அந்தப் பேச்சை வீட்டில் யாரும் நம்புவதில்லை.

கல்யாணம் நடந்தது. இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, "என் புள்ள பொண்ணு பாக்கப் போன எடத்துல நாற்காலிகிட்ட மன்னிப்பு கேட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர்கள் புரையேறச் சிரிப்பார்கள். "மிஷேல் எதிர்ல அத சொல்லாதீங்க மாமா" என்பாள் வாசுகி. அதற்கு இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். முதலில் நானும் சிரித்தவன்தான். வேலை, பிள்ளை, வீட்டுக்கடன் என்று ஓடியதில் அவரோடு எப்போது கடைசியாகப் பேசினேன் என்பதே நினைவில்லை. அவள் சொல்லிவிட்டு, சன்னலோரம் பார்த்து, ஆறுதலாகத் தலையசைப்பாள். அந்த இடத்தில் எனக்கு இப்போதெல்லாம் யாரும் தெரிவதில்லை.