பூஜ்யம் எண் டிஸ்க்

கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியை மாட்டி, நான்கு மூலையையும் முறுக்கி முடித்து நிமிர்ந்தபோது மேசையில் ஒரு ஸ்குரூ மிச்சமிருந்தது.

அவர் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். நிஜ ஸ்குரூதான்.

குடும்பத்தில் அவருக்கு 'மிச்சம்' என்று பெயர் வந்ததே இதனால்தான். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு மிக்சியைக் கழற்றி மாட்டினார். ஒரு ஸ்குரூ மிச்சம். மிக்சி அதன்பிறகு அரைக்கவில்லை, கத்த மட்டும் செய்தது. அப்புறம் சுவர்க் கடிகாரம், தையல் மெஷின், குளியலறைக் குழாய். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. கையில் திருப்புளி ஏறினால் மட்டும் கூடவே சனியனும் ஏறிக்கொள்ளும். பதினொரு வருஷமாக மனைவி அவரை ஒரு பல்பு மாற்றக்கூட விட்டதில்லை.

அப்படிப்பட்டவள் இன்று காலை, தானாக வந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை அவர் கையில் வைத்தாள்.

"ஏங்க, கம்ப்யூட்டர் ஆமையா நகருது. எஸ்எஸ்டின்னு வேகமான புது டிஸ்க் ஒண்ணு வாங்கியாந்திருக்கேன். பழைய டிஸ்க்ல இருக்கறதையெல்லாம் இதுல ஏத்தி மாட்டணும். நீங்களே செஞ்சு குடுங்களேன்."

"நானா?"

"பின்ன, எதிர்வீட்டுக்காரரா வந்து செய்வாரு?"

"உன் ஆராய்ச்சி முழுக்க அதுலதானேம்மா இருக்கு? நகல் ஏதாவது எடுத்து வச்சிருக்கியா?"

"நகல் எதுக்குங்க, நீங்க இருக்கும்போது?"

அவர் கண் கலங்கிவிட்டது. பாவம், நல்ல வார்த்தை கேட்டுப் பழகாத மனிதர்.

அவள் கல்லூரியில் விலங்கியல் டீச்சர். எறும்புகளுக்கு எவ்வளவு ஞாபகசக்தி இருக்கிறது என்று ஏழு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அறைக்கதவு சாத்தப்படும். மூச்சுச் சத்தம் கேட்கக்கூடாது. மிச்சம் பூனைபோல் நடந்து கதவருகே காபியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு மொத்தத்தையும் ஆராய்ச்சிக் கைடு முன்னால் வைக்கவேண்டும். கைடு ஒரு மாதிரியானவர். அவர் வராந்தாவில் நடந்தால் தொட்டிச் செடிகள்கூட நிமிர்ந்து நிற்கும் என்பார்கள். கொடுத்த கெடு தாண்டினால் ஏழு வருஷமும் தண்ணீரில் கரைத்த உப்புதான்.

"நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு அஞ்சு மணிக்கு வர்றேன்," என்று அவள் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இந்த ஸ்குரூ இங்கே உட்கார்ந்து அவரையே பார்க்கிறது.

மூடியைத் திரும்பக் கழற்றினார். உள்ளே புது டிஸ்க் வயரைப் பிடித்துக்கொண்டு வௌவால் மாதிரி தொங்கியது. 'அட, உன்னோடதா!' என்று அதைப் பொருத்தி முறுக்கினார். மேசையைப் பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார். எங்கும் எதுவும் மிச்சமில்லை!

வாழ்க்கையில் முதல்தடவை. அங்கேதான் வினை ஆரம்பித்தது. தைரியம் வந்துவிட்டது.

போனில் பார்த்துவைத்திருந்த வீடியோவில் சொன்னபடி, நகலெடுக்கும் புரோகிராம் ஏற்றிய பென் டிரைவைச் செருகி மெஷினைப் போட்டார். திரை கேட்டது: முதலில் எந்த டிஸ்க்கைத் துடைத்துச் சுத்தம் செய்யவேண்டும்? டிஸ்க் பூஜ்யமா, டிஸ்க் ஒன்றா?

மிச்சம் யோசித்தார். டிக்கெட் கவுண்டரில் இருபது வருஷம் உட்கார்ந்தவர், எண்ணுக்குப் பயப்படுவாரா? பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லாதது. புது டிஸ்க்கில்தான் ஒன்றும் இல்லை. ஆகவே பூஜ்யம்தான் புதுசு. பழையது முதலில் வந்தது, ஆகவே அது ஒன்று. இதைவிடத் தெளிவாக யார் யோசிக்க முடியும், சொல்லுங்கள்.

பூஜ்யத்தை அமுக்கினார்.

'எல்லாம் அழிந்துவிடும். சரியா?'

"சரி."

'உறுதியாகவா?'

"அட, உறுதியாத்தான்யா," என்று வாய்விட்டே சொன்னார்.

கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. 'புது டிஸ்க்னா புது டிஸ்க்தான், என்னா வேகம்!' என்று மெச்சிக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார். எதிலிருந்து எதற்கு ஏற்றவேண்டும் என்று திரை இப்போது இரண்டு டிஸ்க்கையும் காட்டியது.

டிஸ்க் பூஜ்யம்: காலி.

டிஸ்க் ஒன்று: காலி.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அப்போதும் இரண்டும் காலி. இந்தக் கம்ப்யூட்டர் ஜாதி எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், பழைய டிஸ்க்தான் பூஜ்யம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஆச்சா?"

"ஆ... ஆகிட்டே இருக்கு."

"ஏதாவது பிரச்சினையா? மறைக்காம சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பிரச்சினையா? சேச்சே! எல்லாம் பத்திரமா இருக்கு!"

"ஓ," என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது.

பின்னாலிருந்து அவள் அக்காவின் குரல் கேட்டது. "அவரை அவர் போக்குல விடுடி! நடுவுல நடுவுல கேட்டா, அவரு கவனமா செஞ்சிரப் போறாரு!"

மிச்சம் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சந்தேகப்பட்டுவிட்டாள். அந்த 'ஓ'வில் விஷயம் இருக்கிறது. பதினொரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை நம்பிக் கொடுத்தாள். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அழிந்ததை மீட்பது எப்படி என்று இன்னொரு வீடியோ பார்த்தார். அதில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே 'ரிப்பேர்' என்ற பொத்தானை அமுக்கினான். இவரும் அமுக்கினார். பையனுக்கு வந்தது மாதிரி வரவில்லை. டிஸ்க் கடமுடவென்று எதையோ எழுத ஆரம்பித்தது. காலியான இடத்தில் எதை எழுதுகிறது இந்தப் பாவி? பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார்.

திரும்பச் செருகியபோது டிஸ்க் பேச ஆரம்பித்திருந்தது. டக். டக். டக்.

இனி தன் கையால் ஆகாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி, துண்டில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார். இரண்டாவது மாடியில் பால் பாக்கெட்டோடு நின்ற பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், கோழிக்குஞ்சா?"

திடுக்கிட்டவர் கையைத் தூக்கினார். துண்டு கையில் நின்றது. டிஸ்க் மூன்று படி தனியாக இறங்கிப் போனது.

தெருக்கோடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்கார அம்மா நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வரிசையா சொல்லுங்க."

"அழிச்சேன்."

"அப்புறம்?"

"ரிப்பேர் பண்ணேன்."

"அப்புறம்?"

"பிளக்கைப் பிடுங்கினேன்."

"அவ்வளவுதானா?"

"படியில விட்டேன்."

"நல்லவேளை, ஊறவச்சுத் துவைக்கல," என்றாள் அவள்.

"பொழைக்குமாம்மா? என் வீட்டுக்காரியோட ஏழு வருஷ உழைப்பு அதுல இருக்கு. அவ உசிரே அதுதான்."

அவர் கண்ணைப் பார்த்த அந்த அம்மா குரலைத் தணித்துக்கொண்டாள். "புது டிஸ்க்கையும் எடுத்துட்டு வந்து குடுத்துட்டு, வெளிய உக்காருங்க. உள்ள எட்டிப் பாக்காதீங்க. எதையும் தொடாதீங்க. முக்கியமா, எதையும் தொடாதீங்க."

ஓடிப்போய் புது டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி. இரண்டு மணி. உள்ளேயிருந்து டக் டக் என்று கேட்கும்போதெல்லாம் இவர் நெஞ்சும் சேர்ந்து அடித்தது. எறும்பு ஒன்று பெஞ்சின் மேல் ஊர்ந்து வந்தது. அதைப் பார்க்கத் தைரியமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டரைக்கு மறுபடியும் போன்.

"என்னங்க, கைடுகிட்ட சொல்லிட்டேன், இன்னிக்கு நீங்க கம்ப்யூட்டரைத் திறக்கறீங்கன்னு."

"அவர்கிட்ட எதுக்கு சொன்ன?" குரல் கீச்சென்று வந்தது.

"சும்மா ஒரு தகவலுக்குத்தான். நீங்க யாரு, இதுவரைக்கும் என்னென்ன ரிப்பேர் பண்ணியிருக்கீங்க, எல்லாம் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஐயோ பாவம்னாரு."

மிச்சத்துக்கு நாற்காலி, மேசை, அதற்குப் பின்னால் கைடு, முன்னால் தலைகுனிந்து தான் என்று ஒரு காட்சி தெரிந்தது. 'உன் பெண்டாட்டியோட எறும்பெல்லாம் எங்கய்யா?' வேர்வை காதோரம் வழிந்து சட்டைக்காலருக்குள் போனது.

நாலேகாலுக்கு அந்த அம்மா வெளியே வந்தாள். அவர் எழுந்தார்.

"ஆராய்ச்சின்னு ஒரு ஃபோல்டர், அதுதானே?"

"இருக்கா?"

"பூட்டு போட்டிருக்கு. அடுத்தவங்க பூட்டை நான் திறக்கறதில்ல. ஆனா அப்படியே முழுசா எடுத்து புதுசுல ஏத்திட்டேன். சரிபார்த்தாச்சு, ஒரு எழுத்து குறையல. ஒரு சீட்டு விளையாட்டுகூட வந்திருக்கு, ஆறாயிரம் ஆட்டம் ஜெயிச்ச கணக்கோட. யாரு விளையாடறது?"

"தெரியலீங்களே." ஆராய்ச்சி செய்கிற மூளைக்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா என்று நினைத்துக்கொண்டார். அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

டிஸ்க்கைப் பொருத்தி முடிக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மனைவியும் அவள் அக்காவும் நின்றார்கள். மனைவி கையில் கைக்குட்டை தயாராக இருந்தது.

"பரவாயில்லீங்க," என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "மனுஷன்னா தப்பு நடக்கும். போனது போகட்டும். கைடுகிட்ட நான் பேசிக்கறேன்."

தெரிந்துவிட்டது! மிச்சம் உடைந்துபோனார். பூஜ்யத்தை அமுக்கியது, ரிப்பேரை அமுக்கியது, பிளக்கைப் பிடுங்கியது, படியில் விட்டது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினார். ஒவ்வொன்றுக்கும் மனைவியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று இவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி விடுங்க. எல்லாமே போயிடுச்சா?"

"இல்லம்மா! காப்பாத்திட்டேன்! ஒரு எழுத்து குறையாம காப்பாத்திட்டேன்!"

பொத்தானை அமுக்கினார். எட்டே நொடி. திரை பளிச்சென்று வந்தது. ஃபோல்டர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது.

மனைவி பேயைக் கண்டவள்போல் பின்வாங்கினாள்.

"திறந்து பாரும்மா."

"அப்புறம் பாத்துக்கலாங்க."

"இல்லம்மா, உன் கண்ணால பாத்தாத்தான் எனக்கு உசிரு வரும். நாள் முழுக்கச் செத்துப் பொழைச்சிருக்கேன்."

பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அவள் பூட்டைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கோப்பு. அது விரிந்தது. 'எறும்புகளின் நினைவாற்றல்: ஓர் ஆய்வு' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. கீழே அவள் பெயர், பட்டம். அதற்குக் கீழே வெள்ளை. மிச்சம் கீழே தள்ளினார். வெள்ளை. இன்னும் தள்ளப் பார்த்தார். தள்ள ஒன்றும் இல்லை.

"ஐயோ!" தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சே! ஏழு வருஷமும் போச்சே! என் கையாலேயே எல்லாத்தையும் அழிச்சுட்டேனே!"

மனைவி கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உண்மையாகவே அழ ஆரம்பித்தாள்.

அவள் அக்கா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"இருந்தாத்தானே தம்பி போறதுக்கு? இவ ஏழு வருஷமா அந்தத் தலைப்பைத் தவிர வேற ஒண்ணும் எழுதல. நீங்க கை வச்சா எதுவும் உருப்படாதுன்னு நம்பித்தான் உங்ககிட்ட குடுத்தா, நீங்க என்னடான்னா அதைப் போய்க் காப்பாத்திட்டு வந்து நிக்கிறீங்களே!"