வாட்ச்காரருக்குத் தெரிந்த புதினா

புதினா தலை தொங்கிக் கிடந்தது. வாட்ச் ரிப்பேர்காரர் குனிந்து அதை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

இதய ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேரக் கிளம்பியபோது மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"கொல்லையில இருக்கிற செடியைப் பாத்துக்கோங்க. வாடிடக் கூடாது."

எது புதினா, எது இருமலுக்குக் கஷாயம் வைக்கும் தழை என்று அவள் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரும் கேட்டதில்லை. புதினாவை அவர் டீயில்தான் பார்த்திருக்கிறார். பச்சையாக, குட்டையாக இருந்ததைப் புதினா என்று முடிவு செய்துகொண்டார். செடி வாடினால் அவளும் திரும்ப மாட்டாள் என்று ஒரு பயம் வேறு மனதில் உட்கார்ந்துவிட்டது.

குடம் குடமாக ஊற்றினார். செடி மஞ்சளானது.

பிறகு தொழில் புத்தி வேலை செய்தது. ஓடாத வாட்சைக் கழற்றித் துடைத்து மாட்டினால் ஓடும். செடியை வேரோடு பிடுங்கினார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, வேரிலிருந்த மண்ணைப் பிரஷ்ஷால் ஒரு துகள் விடாமல் துடைத்தார். மேஜை விளக்கடியில் காயவைத்து மறுபடி நட்டார். நன்றாக இருந்த மற்றச் செடிகளுக்கும் முன்ஜாக்கிரதையாக அதே சர்வீஸ்.

சாயங்காலத்துக்குள் கொல்லை முழுக்கச் சருகு. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"நாளைக்குக் காலையில ஆபரேஷனாம். செடியெல்லாம் எப்படியிருக்கு?"

"உன்னைவிடத் தெம்பா இருக்கு."

"அப்படியா?" என்று இழுத்தாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

போனை வைத்ததும் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் ஓடினார்.

"ஒரு புதினாக் கன்னு குடும்மா. பொழுது விடியறதுக்குள்ள நடணும்."

கேட்டு முடிப்பதற்குள் அவர் கண் அவள் வீட்டுக் கொல்லைக்குப் போனது. அங்கே, கைப்பிடி உடைந்த நீல வாளியில் ஒரு செடி தளதளவென்று நின்றது. வாளி அவர் மனைவியுடையது. சுற்றிலும் இருந்த தொட்டிகளும் அவளுடையவைதான்.

"நல்லாயிருக்கே! அவ ஆஸ்பத்திரியில கிடக்கறா, நீ செடியைத் தூக்கிட்டு வந்துட்டியா?"

டீச்சரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இதையெல்லாம் அக்காதான் கிளம்பறதுக்கு முன்னாடி கொண்டுவந்து குடுத்தாங்க. உங்ககிட்ட இருக்கறது வெறும் களை, அண்ணே. 'இந்த மனுஷன் என்ன பண்ணினாலும் அது திரும்ப வந்துடும், பயப்படாம இருப்பாரு'ன்னு சொல்லி அதை மட்டும் உங்களுக்கு விட்டுட்டுப் போனாங்க."