இருபத்துநாலு மணங்குப் பியானோ

பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒருவரைக் காட்டு பார்க்கலாம் என்று யாராவது என்னிடம் சவால் விட்டால், யோசிக்காமல் மணங்கண்ணனைத்தான் காட்டுவேன். சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அப்படி இன்னொருவர் அகப்படமாட்டார். அவரும் தம் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னார். அதையும் ஒரு பியானோவுக்காகச் சொன்னார்.

யுத்தத்துக்கு முந்தைய சமாச்சாரம். நான் அப்போது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, கல்யாணமாகாத ஆள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காபி கிளப்பின் மாடியில் எனக்கு ஓர் அறை. பக்கத்துப் போர்ஷனில் மணங்கண்ணனும் அவர் மனைவி எஸ்தர் அக்காவும். ஓர் அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான் அவர்கள் வீடு. ஒருவர் பாயை விரித்தால் மற்றவர் சுவரோரம் ஒதுங்க வேண்டும்.

அண்ணன் வெல்ல மண்டியில் தராசுக்காரர்; மணங்குக் கணக்கால் வந்ததுதான் அந்தப் பெயர். கிலோவில் பிறந்து கிலோவில் வளரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை சேர்ந்தால் ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் பதினோரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அண்ணனுக்குத் தராசு தேவையே இல்லை. எதையும் ஒரு மூலையில் பிடித்து ஓர் அங்குலம் தூக்குவார், கண்ணை மூடுவார், எடையைச் சொல்வார். தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு பலம் கூடாது, குறையாது. மருத்துவச்சிகூடப் பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரிடம்தான் வருவாள். "ரெண்டு வீசை, மூணு பலம்" என்பார் கையில் வாங்கியதும்.

மனிதர்களைத் தூக்கக்கூட வேண்டாம், பார்த்தாலே போதும். "வாங்க சாமி, கால் வீசை எளச்சுட்டீங்களே, காய்ச்சலா?" என்றுதான் காலையில் என்னை விசாரிப்பார். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பெண் எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மா காதோடு கேட்டாள். "அஞ்சேகால் மணங்குங்க" என்று சபையறியச் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் கொண்டுவந்து வைத்த பலகாரத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். "கேட்டாங்க, சொன்னேன். கொறச்சா சொல்ல முடியும்?" என்று வழியெல்லாம் வருத்தப்பட்டார் மனுஷர்.

எஸ்தர் அக்கா மிஷன் பள்ளி விடுதியில் வளர்ந்தவர். அங்கே தினமும் காலைப் பிரார்த்தனைக்குப் பியானோ வாசித்தவராம். கல்யாணமாகி ஆறு வருஷம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாய்தான் திறக்கவில்லை, விரல் சும்மா இருக்கவில்லை. அரிசி புடைத்து முடித்த முறத்தின் விளிம்பில், அடுப்பு மேடையில், சன்னல் கட்டையில் என்று பத்து விரலும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

"பாத்தீங்களா சாமி, சோறு வடிக்கயில கூட வெரலு ஆடுது" என்றார் அண்ணன் ஒருநாள் என்னிடம். "வெறும் கட்டையில தட்டித் தட்டி ஒரு பொம்பள எத்தன வருசங்க வாசிப்பா?" அதற்காகவே ஆறு வருஷமாகச் சீட்டுக் கட்டி வந்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அந்தச் சின்ன அறையில் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கிற மாதிரிப் பியானோ ஒன்று வாங்குவதென்று தீர்மானமாயிற்று.

தீர்மானம் மாடியில் ஆயிற்று. சங்கடம் கீழே இருந்தது. வீட்டுக்காரர் பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கவுண்டர். வெற்றிலைக் கொடிக்காலைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து காபி கிளப் வைத்தவர். மாடித் தளம் பலகையும் உத்தரமும் போட்டது. சமாச்சாரம் கேட்டதும் அவர் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார், பிறகு அதற்கு நேர் கீழே கொதிக்கும் சாம்பார் அண்டாவைப் பார்த்தார்.

ஆசாரி வந்து உத்தரத்தைத் தட்டிப் பார்த்து, அந்த மூலை இருபத்துநாலு மணங்கு தாங்கும் என்றார்.

"அதுக்கு மேல ஒரு வீசை போனாலும் பொட்டியும் வேண்டாம், நீங்களும் ஊட்டக் காலி பண்ணிப்போடுங்க" என்று முடித்துவிட்டார் கவுண்டர்.

பியானோ பார்க்கப் புறப்பட்டோம். நான் இங்கிலீஷ் பேச.

முதலாவது, ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் பங்களாவில். பித்தளை மெழுகுவத்தித் தண்டெல்லாம் வைத்து, தேர் மாதிரி இருந்தது. அக்கா ஒரு கட்டையை அழுத்தினார். சத்தம் வரவில்லை, ஒரு கரப்பான்பூச்சி வந்தது.

இரண்டாவது, சேலத்திலேயே நொடித்துப்போன நாடகக் கம்பெனியினுடையது. அண்ணன் மூலையைத் தூக்கிப் பார்த்துக் குதிக்காத குறை. "பதினெட்டே மணங்குங்க! மாடி உத்தரத்துக்கு அது பூ மாதிரி!" அக்கா வாசித்தார். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினது போல இருந்தது. "இதுவே போதுங்க" என்றார் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு. அண்ணன் அந்த முகத்தைப் பார்த்தார். "போதாது, வா" என்று வெளியே நடந்தார்.

மூன்றாவதைப் பார்க்க ஏற்காட்டுக்குப் போனோம். காப்பித் தோட்டத்துப் பங்களா ஒன்றில் கன்னங்கரேலென்று ஒரு பெட்டி. உள்ளே இரும்புச் சட்டம். அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார். தோட்டக்காரர், சமையல்காரர் எல்லாரும் வாசற்படியில் வந்து நின்றார்கள். வாசித்து முடித்தபோது அக்காவின் கன்னம் நனைந்திருந்தது, அதையும் அவர் கவனிக்கவில்லை.

அண்ணன் போய் மூலையைத் தூக்கினார். கண்ணை மூடினார். திறக்கவே இல்லை.

"எவ்வளவுங்கண்ணா?" என்றேன்.

"இருபத்துநாலு" என்றார். இரண்டு காதும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன. ஏற்காட்டுக் குளிர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கவுண்டர் லேசுப்பட்டவரா? "பொட்டி வந்து உத்தரம் ஒடஞ்ச பொறவு அழுது என்னுங்க பண்றது? மொதல்ல இருபத்துநாலு மணங்கு ஏத்தி நிறுத்திக் காட்டுங்க" என்றார்.

காட்டினார் அண்ணன். பியானோ நிற்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். மண்டியிலிருந்து மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர், நான், ஒரு வெல்ல மூட்டை. அப்படியும் போதவில்லை.

"நீங்களும் ஏறுனாத்தான் கணக்கு சரியாவுதுங்க" என்றார் கவுண்டரிடம். "நீங்க ஏழு மணங்கு."

"ஏழுதானுங்களா?" கவுண்டர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. எடை போட்டால் கண்பட்டுவிடும் என்று ஜன்மத்தில் தராசுப் பக்கம் போகாத மனிதர். "எளச்சிருக்கறேன் போல!"

"மூட்டைக்காரங்க ஆளுக்கு அஞ்சு. மூட்டை மூணு. சாமி நீங்க நாலு."

எனக்குத் திக்கென்றது. போன வாரம்தான் மண்டித் தராசில் வேடிக்கையாக ஏறி நின்றேன், நாலரை இருந்தேன். ஒரே வாரத்தில் அரை மணங்கா! உடம்புக்கு என்னவோ வந்துவிட்டதென்று பயந்து, கோட்டுக்குள் போவதற்கு முன் கீழே இறங்கி எட்டு இட்டிலி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

நாலு பேரும் அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒட்டி நின்றோம். மூட்டைக்காரர்கள் மூட்டையை இடுப்புயரத்தில் ஏந்திக்கொண்டார்கள். கீழே சமையல்காரர் சாம்பார் அண்டாவை மூடிவிட்டு அண்ணாந்து காவல் நின்றார். பலகை மூச்சுவிடவில்லை. கவுண்டருக்குச் சந்தேகம் தீரவில்லை.

"சும்மா நிக்கறப்ப செரி. வாசிச்சா ஆடாதுங்களா?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். "வாசி அம்மணி."

எஸ்தர் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்று, வெல்ல மூட்டையின் மேல் பத்து விரலையும் வைத்து வாசிக்க ஆரம்பித்தார். சாக்கில் விரல் படும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அவர் தலை ஆடுகிறது, கண் மூடியிருக்கிறது, எங்கள் காதுக்கு எட்டாத எதையோ அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். விரல் நின்றது.

"முடிஞ்சுதா அம்மணி?" என்றார் கவுண்டர்.

"முடிஞ்சுதுங்க."

"அதுக்குள்ளயா? இன்னொண்ணு வாசி."

மூட்டைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பாட்டுக்கு நின்றார்கள். "ஒண்ணும் உதிரலீங்க!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

பியானோ மாட்டுவண்டியில் மலையிறங்கி வந்து, சன்னல் சட்டத்தைக் கழற்றி, கயிறு கட்டி மாடியேறியது. அன்று சாயங்காலம் அக்கா வாசித்தபோது தெருவே நின்றுவிட்டது. அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். அண்ணன் மட்டும் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் கிளப்பில் கவுண்டர் முன்னால் போய் நின்றார். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்க. பொட்டி இருபத்துநாலு இல்லீங்க, இருபத்தேழு. அவ வேற ஒண்ணுல வாசிச்சா அந்த மொகம் வராதுங்க. ஆனா உத்தரத்த நான் ஏமாத்தலீங்க. அன்னைக்கு ஏத்தி நிறுத்துனது நெசமாலுமே இருபத்தேழு. ஆளுங்க எடையத்தான் கொறச்சுச் சொன்னேன். நாங்க ஊட்டக் காலி பண்ணிக்கறோமுங்க."

கவுண்டர் தம் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "அப்ப நானு?"

"எட்டரைங்க."

"எட்டரையா!" கவுண்டர் எழுந்தே விட்டார். "பொட்டி இருபத்தேழுன்னா இருந்துட்டுப் போவுது உடுங்க, அதான் நின்னு பாத்தாச்சே! என்னப் போயி ஏழுன்னுட்டீங்க, நானும் அத ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனே மனுசா!"

வீடு காலியாகவில்லை. அடுத்த வாரம் கிளப்பின் நடுவில், உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து ஒரு பனந்தூண் முளைத்தது. வருகிறவர்கள் எல்லாம் அதில் தோளை இடித்துக்கொண்டார்கள். சாயங்காலமானால் கவுண்டர் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார். மேலே வாசிப்பது அதன் வழியாக நன்றாக இறங்குகிறதாம்.

அண்ணன் அதோடு விட்டாரா? மண்டிக்குப் போய் மூட்டைக்காரர்கள் இருவரிடமும் ஐந்தல்ல, ஐந்தரை என்று திருத்திச் சொல்லிவிட்டு, கடைசியாக என் அறைக்கு வந்தார்.

"சாமி, நீங்க நாலரைங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"நாலாவே இருக்கட்டுங்கண்ணா" என்றேன். அவர் ஒப்பவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

நான் நாலு மணங்கென்று ஒப்பியது ஒப்பியதுதான். அந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய்யில் அரை மணங்கு என் பங்கு. இத்தனை வருஷமாகியும் நான் அதை யாரிடமும் திருப்பிக் கொடுக்கவில்லை.