வெள்ளெலியும் வீரசிங்கத்தின் மேற்கோள்களும்

மனித ஜாதியில் மேற்கோள் பிரியர் என்று ஒரு தனி ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாதவர் இல்லை. மழையைப் பற்றிப் பேசுங்கள், மீன் விலையைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் மருமகளுக்குப் பிரசவம் கஷ்டமாகிவிட்டது என்று கண்ணீர் விட்டுச் சொல்லுங்கள், இரண்டே நிமிஷத்தில் அந்தப் பேச்சைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசலில் நிறுத்திவிடுவார். "இதைப் பத்தி நான் எழுபத்தொன்பதிலேயே எழுதியிருக்கேன்லா" என்பார். பிரசவத்தைப் பற்றியா எழுதினார்? இல்லை. அதனால் என்ன?

இந்த ரகம் கோயில் கமிட்டியில் உண்டு, தொழிற்சங்கத்தில் உண்டு, பத்திரிகையில் மரண அறிவித்தல் வந்தால் இறந்தவர் யாரென்று பார்க்குமுன் உறவினர் வரிசையில் தன் பெயர் எத்தனையாவது என்று பார்க்கிற குடும்பங்களில் நிறையவே உண்டு. ஆனால் அசல் சரக்கு வேண்டுமென்றால் விஞ்ஞானிகளிடம்தான் போகவேண்டும். எண்பதுகளின் நடுவில் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்த டாக்டர் வீரசிங்கத்தை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம்.

வீரசிங்கம் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. கல்யாண வீட்டில் யாராவது கழுத்தைத் தடவிக்கொண்டு "டாக்டர், இங்க ஒரு கட்டி மாதிரி..." என்று வந்தால், "நான் அந்த டாக்டர் இல்லை" என்பார். பிறகு தான் எந்த டாக்டர் என்பதை விளக்குவார். பந்தி முடிந்து, பாயசமும் முடிந்து, மொய் எழுதுகிறவர் மூட்டை கட்டும்வரை விளக்குவார். கட்டியோடு வந்தவர் கட்டியை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

அவர் எழுதிய கட்டுரைகள் பல. ஆனால் தாய்க் கட்டுரை ஒன்றுதான், மற்றவையெல்லாம் அதன் பிள்ளை குட்டிகள். வெள்ளெலியின் கன்னத்துக்குள் பை மாதிரி ஒன்று இருக்கும், தீனியைப் பதுக்கி வைத்துக்கொள்ள. அந்தப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றையும் இடித்துப் பிழிந்த சாற்றை வீரசிங்கம் ஆறு மாதம் தடவினார். எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே புகையிலை சேர்க்காத தாம்பூலத்தால் வாய்க்குக் கெடுதல் இல்லை என்று எழுதி அனுப்பினார். இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று போட்டுவிட்டது. அன்றிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை.

உலகத்தில் யார் யார் தங்கள் கட்டுரையில் வீரசிங்கத்தின் பெயரைச் சொல்கிறார்கள் என்று காட்டுவதற்கு அமெரிக்காவில் அச்சிட்ட தடித்தடியான புத்தகங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு வரும். டெலிபோன் டைரக்டரி பருமன். எழுத்து எறும்பு அளவு. புதுப் புத்தகம் வந்த அன்றைக்கு வீரசிங்கம் சட்டைப் பையில் பூதக்கண்ணாடியோடு போவார். போனதும் தன் பெயரைத் தேடமாட்டார். அது அநாகரிகம். முதலில் வேறு யாரோ ஒருவருடைய பெயரைத் தேடுகிற மாதிரி முன்பக்கங்களைப் புரட்டுவார், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஒரேயடியாகத் தன் எழுத்துக்குப் பாய்ந்துவிடுவார். விரல் இறங்கும். எண்ணுவார். மறுபடி எண்ணுவார், போன தடவை ஒன்றை விட்டிருக்கலாம் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் மனைவி கனகேஸ்வரி, மற்ற வீட்டுப் பெண்கள் பாசாரில் என்ன மீன் கிடைத்தது என்று கேட்கிற அதே குரலில், "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பார்.

எண்ணிய அந்தக் கட்டுரைகளைப் படித்தாரா? நல்ல கேள்வி. அவை மூன்றாம் மாடியில் இருந்தன. எண்ணுகிற புத்தகம் கீழ்த்தளத்தில் இருந்தது.

கட்டுரையின் பிரதி கேட்டு வெளிநாடுகளிலிருந்து தபால் அட்டைகள் வரும். போலந்து, பல்கேரியா, அர்ஜென்டினா. அத்தனையும் ஹால் மேசையின் கண்ணாடிக்கு அடியில் கிடந்தன. விருந்தாளி டீ கிளாஸை வைத்தால், அதை மெதுவாக நகர்த்தி, "புடாபெஸ்ட்ல வெச்சிட்டீங்க" என்பார். டொராண்டோக்காரர் ஒருவர் ஐந்து தடவை இவர் பெயரைச் சொல்லியிருந்தார். அவர் பெயர் நம் கதைக்கு வேண்டாம். அவருக்கு வருஷா வருஷம் பூப்போட்ட பாத்தேக் துணி ஒட்டிய புத்தாண்டு வாழ்த்து அட்டை போகும். ஒரு தடவை பதிலுக்கு அவர் நன்றி சொல்லி எழுதியிருந்தார். ரொம்ப மரியாதையான மனுஷன் என்று வீரசிங்கம் நெகிழ்ந்துபோனார்.

இவர்களையெல்லாம்விட அதிகமாக அவரை மேற்கோள் காட்டிய ஒருவர் பக்கத்து ஊரான கிள்ளானில் இருந்தார். அந்தப் புத்தகத்தில் அவர் பெயர் வராது. வீரசிங்கத்தின் சொந்த அக்கா குணேஸ்வரி. காலைக் காப்பி முடிந்ததும் வெற்றிலைத் தட்டை இழுத்தாரென்றால் ராத்திரி பல் விளக்கும்வரை வாய் சிவப்புதான். தம்பி கொடுத்த கட்டுரைப் பிரதியைத் தட்டுக்கு அடியில் விரித்திருந்தார். அதன் முதல் பக்கத்தில் சுண்ணாம்புக் கறை. பெண்ணோ மருமகனோ முணுமுணுத்தால், "என் தம்பி எலிக்கே குடுத்துப் பாத்துட்டான், நீ யாரு சொல்ல வந்துட்டே?" என்று ஒரே வெட்டு. முன்பெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர், தம்பியின் கட்டுரை வந்த பிறகுதான் நாள் முழுக்கப் போட ஆரம்பித்தார். இது வீரசிங்கத்துக்குத் தெரியும். பெருமையாகத்தான் இருந்தது.

எண்பத்தைந்தில் பேராசிரியர் பதவிக்கு இடம் காலியாயிற்று. விண்ணப்பத்தில், என் ஆய்வு உலக அளவில் நாற்பது தடவை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது என்று வீரசிங்கம் தனிப் பக்கத்தில் தட்டச்சு செய்து இணைத்தார். நேர்முகத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிள்ளானிலிருந்து அக்காவின் போன் வந்தது.

குரலில் ஏக குதூகலம். பல்வலி என்று புதிதாகக் கடை திறந்திருக்கிற பல் டாக்டர் கௌஸிடம் போனாராம். சின்னப் பையன், நம்ம தமிழ் ஆள், ரொம்ப மரியாதை. அவனுக்குத் தம்பியின் கட்டுரை தெரிந்திருக்கிறதாம், காலேஜில் பாடமாகவே படித்தானாம். வீரசிங்கத்துக்கு உடம்பெல்லாம் பூரித்தது. பாடமாகவா? எந்த காலேஜ்? என்ன சொன்னான்?

"அதான் தம்பி, தப்புன்னு சொல்றான். கன்னத்துக்கு உள்ள வெள்ளையா ஒரு படை இருக்காம், வெத்தலையை இன்னைக்கே விடணுமாம், சதையை வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பணுமாம். என் தம்பியைக் கேக்காம ஒண்ணும் செய்யமாட்டேன்னுட்டேன். ஞாயித்துக்கிழமை டீக்கு வரச் சொல்லியிருக்கேன். நீ வந்து அவனுக்கு விளங்குற மாதிரி எடுத்துச் சொல்லு."

மறுநாள் வீரசிங்கம் வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றாம் மாடிக்கு ஏறினார். பையனை மடக்க ஆதாரம் வேண்டும். நாற்பது மேற்கோள் தன் பக்கம் இருக்கும்போது என்ன கவலை? முதல் கட்டுரையை எடுத்தார். ஆறு மாதம் போதாது, வீரசிங்கத்தின் முடிவு ஏற்கத்தக்கதல்ல என்றிருந்தது. பொறாமை பிடித்தவன் என்று வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படித்தான். பல்கேரியாக்காரர் இன்னும் கொஞ்சம் காரமாக எழுதியிருந்தார். டொராண்டோக்காரர் ஐந்து தடவையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தார். அதே எலியில் ஒன்றரை வருஷம் தடவிப் பார்த்தேன், கட்டி வந்தது, என்று. ஐந்தாவது தடவை, 'இதை மீண்டும் சொல்லவேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன்' என்று ஆரம்பித்திருந்தார். அதற்குத்தான் இவர் பாத்தேக் அட்டை அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஆதரவாக எழுதியது ஒன்றுகூடவா இல்லை? இருந்தன. ஏழு. ஏழும் வீரசிங்கமே எழுதியவை.

நூலகத்தை மூடுகிறோம் என்று மணி அடித்தார்கள். மனிதர் எழுந்திருக்கவில்லை. பதவி போனால் போகட்டும் என்று நினைக்கிற அளவுக்கு அவர் மகான் இல்லை, நேர்முகத் தேர்வு முடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன என்று யோசித்தார். இரண்டு வாரம்தானே, இத்தனை வருஷம் போட்ட வெற்றிலை இரண்டு வாரத்தில் என்ன செய்துவிடும்? அப்புறம் அக்காவின் குரல் ஞாபகம் வந்தது. என் தம்பியைக் கேக்காம ஒண்ணும் செய்யமாட்டேன். பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஃபெடரல் ஹைவேயில் காரை மாட்டுவண்டி மாதிரி ஓட்டிக்கொண்டு கிள்ளான் போய்ச் சேர்ந்தார். ஹாலில் கூட்டம். அக்கா, பெண், மருமகன், தம்பி ஜெயிப்பதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஆன்டிகள் இரண்டு பேர். நடுவில் வடைத் தட்டோடு டாக்டர் கௌஸ், மாப்பிள்ளை பார்க்க வந்தவன் மாதிரி கூச்சமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வெற்றிலைத் தட்டு.

"சொல்லு தம்பி" என்றார் அக்கா.

வீரசிங்கம் தொண்டையைச் செருமினார். "டாக்டர் சொல்றதுதான் சரி அக்கா. நான் எழுதினது தப்பு."

அக்கா வாயில் இருந்ததை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

"உலகம் பூரா உன் பேரைச் சொல்லுதுன்னியே?"

"சொல்லுது."

"என்னன்னு சொல்லுது?"

"தப்புன்னு."

அக்கா எழுந்து பின்பக்கம் போனார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிற்று. திரும்பி வந்து, ஈர வாயைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார். "இத்தனை வருஷமா எண்ணிக்கிட்டே இருந்தியே. ஒண்ணைக்கூடவா படிக்கலை?"

டாக்டர் கௌஸுக்குப் பாவமாக இருந்திருக்கவேண்டும். "அங்கிள், எங்க காலேஜ்ல முதல் பாடமே உங்க பேப்பர்தான்" என்றான் ஆறுதலாக. அந்த நிலைமையிலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, வீரசிங்கத்துக்கு உள்ளே ஒரு ஓரத்தில் இனித்தது.

அக்காவின் கன்னத்துச் சதையை வெட்டி அனுப்பினார்கள். புற்று இல்லை, ஆனால் இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. வெற்றிலைத் தட்டில் இப்போது வீட்டுச் சாவிகள் கிடக்கின்றன. வீரசிங்கம் அதே இங்கிலாந்துப் பத்திரிகைக்கு, என் முடிவு தவறு என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டார். நேர்முகத் தேர்விலும் மறைக்கவில்லை. நாற்பதில் முப்பத்து மூன்று என்னை மறுத்து எழுதியவைதான் என்று சொல்லிவிட்டார். குழுவில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் மட்டும் புன்னகை செய்தார். இவ்வளவு அடக்கம் இந்தக் காலத்தில் அபூர்வம் என்றார். நாற்பது நாற்பதுதானே? பதவி கிடைத்துவிட்டது.

அடுத்த வருஷம் புதுப் புத்தகம் வந்த அன்று பேராசிரியர் வீரசிங்கம் நூலகத்துக்குப் போகக்கூடாது என்று முடிவுசெய்து, மத்தியானம் வரை அதைக் காப்பாற்றினார். பிறகு போனார். அவருடைய அந்த ஒரு பக்கத்தை டொராண்டோக்காரர் மேற்கோள் காட்டியிருந்தார்.

"இன்னைக்கு எத்தனை?" என்றார் கனகேஸ்வரி.

"ஒண்ணு. மேல போய்ப் படிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார் வீரசிங்கம், பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கேலி செய்யத்தானே எழுதியது. ஆனால் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கோ ஓரிடத்தில், இவன் என்னைத்தான் எழுதியிருக்கிறானோ என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் தட்டியதல்லவா? சந்தேகத்தோடு கூடவே, எழுதினது கேலியானாலும் பரவாயில்லை, என்னைப் பற்றி எழுதியிருக்கிறானே என்று உள்ளே ஒரு ஓரத்தில் லேசாக இனித்திருந்தால், கவலை வேண்டாம். ஒன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.